ஆறாம் சேனல் மட்டும் வராத வீடு: கேபிளை நிறுத்தி ஆண்டெனாவுக்கு மாறிய ஒரு குடும்பத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே உள்ள செஸ்டர் கவுண்டியில், 2022 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரையிலான காலத்தில் நடந்தது. எழுபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு தம்பதியின் வீடு அது. கணவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி நூலகராக இருந்தவர். அதே தெருவில் நான்கு வீடுகள் தள்ளி நான் குடியிருக்கிறேன். அவர்களுடைய ஒப்புதலோடு, பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்து, நடந்ததை நடந்த வரிசையில் இங்கே பதிவு செய்கிறேன். கேபிளை நிறுத்திவிட்டு ஆண்டெனா வாங்கப் போகும் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சிறு விவரங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் அவர்களுக்கு வந்த கேபிள் கட்டணச் சீட்டு 221 டாலர். அதில் இணையத்துக்கு 75 டாலர் போக, மீதி முழுவதும் தொலைக்காட்சிக்கானது. கணவர் அந்தச் சீட்டை வரிவரியாகப் படித்தபோது, இரண்டு பெட்டிகளின் வாடகைக்குக் கீழே 'ஒளிபரப்புக் கட்டணம்' என்ற பெயரில் தனியாக 24 டாலர் இருப்பதைக் கவனித்தார். உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைக் கேபிள் வழியே மறு ஒளிபரப்புச் செய்ய அனுமதி தருவதற்குக் கேபிள் நிறுவனங்களிடம் பணம் கேட்கலாம் என்ற உரிமை 1992ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தால் அவற்றுக்குக் கிடைத்தது. அந்தச் செலவைக் கேபிள் நிறுவனங்கள் சந்தாதாரர் தலையில் தனி வரியாக ஏற்றுகின்றன. அதே நிலையங்கள் அதே நிகழ்ச்சிகளை வானலையில் எவருக்கும் இலவசமாகவே அனுப்புகின்றன என்பதை அறிந்தபோதுதான் கேபிளை நிறுத்தும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

அவர்கள் பார்ப்பதும் அதிகமில்லை. அந்த அம்மையாருக்கு ஆறாம் சேனலின் மாலைச் செய்தியும் வானிலை அறிக்கையும். நாற்பது ஆண்டுப் பழக்கம் அது. கணவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்தும், கோடையில் பேஸ்பாலும். இருவருக்கும் சேர்த்துப் பொது ஒளிபரப்பான பன்னிரண்டாம் சேனல். இவற்றுள் பேஸ்பால் தவிர மற்றவை ஏறத்தாழ எல்லாமே வானலையில் கிடைப்பவை.

அக்டோபர் முதல் வாரத்தில் தொலைக்காட்சிச் சந்தாவை நிறுத்தி, இணையத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெட்டிகளை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆண்டெனா வாங்கியது அதற்கு மறுநாள்.

முதல் வாரம்

கடையில் வாங்கியது, சுவரில் ஒட்டக்கூடிய காகிதத் தாள் போன்ற தட்டை ஆண்டெனா. அகலம் ஒரு அடிக்குச் சற்றே கூடுதல். பெட்டியின் மேல் '120 மைல்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பூமியின் வளைவு ஒன்றே போதும், வீட்டுக்குள் வைக்கும் ஓர் ஆண்டெனாவுக்கு அந்தத் தொலைவு எட்டாது என்பதற்கு. ஆயினும் அந்த எண்ணின் பெரிய குறை அதுவன்று. எந்த அதிர்வெண்களைப் பிடிக்க அந்த ஆண்டெனா செய்யப்பட்டது என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

கூடத்துத் தொலைக்காட்சியில் அதை இணைத்துச் சேனல்களைத் தேடவிட்டபோது 61 சேனல்கள் கிடைத்தன. இலக்கமுறை (டிஜிட்டல்) ஒளிபரப்பில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அதிர்வெண் இடத்தில் நொடிக்கு 19.39 மெகாபிட் அளவு தரவு செல்வதால், ஒரு நிலையமே மூன்று நான்கு நிகழ்ச்சி வரிசைகளை அனுப்ப முடிகிறது. அவற்றையெல்லாம் சேர்த்த எண்ணிக்கைதான் அந்த 61. மூன்றாம், பத்தாம், இருபத்தொன்பதாம் சேனல்கள் கேபிளில் பார்த்ததைவிடத் துலக்கமாக இருந்தன என்று கணவர் மகிழ்ந்தார். பன்னிரண்டாம் சேனல் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஆறாம் சேனல் பட்டியலிலேயே இல்லை.

ஆண்டெனாவை ஜன்னலுக்கு மாற்றினார், சுவரின் உச்சிக்கு மாற்றினார், ஐந்தாறு முறை மீண்டும் தேடவிட்டார், பயனில்லை. இதற்கிடையில் மாடி அறைத் தொலைக்காட்சிக்கும் சிக்னல் கொடுக்க விரும்பி, ஆண்டெனாவின் வயரைச் சுவரில் இருந்த பழைய கேபிள் இணைப்பில் செருகினார். அன்று மாலையே வீட்டின் இணையம் நின்றுபோனது. வீட்டின் எல்லாச் சுவர் இணைப்புகளும் நிலவறையில் இருக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில், அதாவது ஒரு வயரின் சிக்னலைப் பல வயர்களுக்குப் பிரித்துத் தரும் சிறு கருவியில், போய்ச் சேர்கின்றன. நிறுவனத்திலிருந்து வரும் கேபிளும் மோடத்துக்குப் போகும் கேபிளும் அதே இடத்தில்தான் சந்திக்கின்றன. மோடம் பயன்படுத்தும் அதிர்வெண்களும் ஆண்டெனா கொண்டுவரும் அதிர்வெண்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுபவை. ஒரே வயரில் இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். தவிர, ஆண்டெனா பிடிக்கும் இரைச்சல் வெளியே உள்ள பொதுக் கேபிளுக்குள் புகுந்து அக்கம்பக்கத்தாரின் இணையத்தையும் பாதிக்கக்கூடும். நல்ல வேளையாகச் சில மணி நேரத்தில் அவரே வயரைப் பிடுங்கிவிட்டார்.

இணையம் நின்றது குறித்துத் தொலைபேசியில் பேசியபோது, தொலைக்காட்சிச் சந்தாவை மீண்டும் சேர்த்தால் சலுகை தருவதாக எதிர்முனையில் சொன்னார்கள். மனைவிக்கு ஆறாம் சேனல் இல்லாமற் போனதை எண்ணி அவர் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தார்.

கவனித்தவை

அடுத்த சனிக்கிழமை காலை அங்கே போனேன். கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இணையத்தில் வைத்திருக்கும் ஒளிபரப்பு வரைபடத்தில் அவர்களுடைய முகவரியைக் கொடுத்தபோது, பிலடெல்பியாவின் முக்கிய நிலையங்கள் அனைத்தும், ஆறாம் சேனல் உட்பட, வலுவான சிக்னல் என்ற பட்டியலில் வந்தன. நகரத்தின் வடமேற்கில் ராக்ஸ்பரோ பகுதியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் கூட்டமாக நிற்கின்றன. அங்கிருந்து இந்த வீடு 20 மைல் தொலைவில், ஏறத்தாழ நேர் மேற்கில் இருக்கிறது. இடையில் பெரிய மலை எதுவும் இல்லை. அந்த வரைபடத்தின் கணக்கு, தரையிலிருந்து 30 அடி உயரத்தில் வெளிப்புற ஆண்டெனா இருப்பதாக வைத்துக்கொண்டு போடப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் அருகருகே நிற்கும் கோபுரங்களில் ஒன்றின் சிக்னல் மட்டும் முற்றாக வராமல் போவதற்குத் தொலைவு காரணமாக இருக்க முடியாது.

விடை அந்த அம்மையார் வாயிலிருந்து வந்தது. "முன்பெல்லாம் காரில் போகும்போதே ஆறாம் சேனல் செய்தியைக் கேட்பேன், ரேடியோவில் எஃப்.எம். முள்ளை இடது ஓரம் வரைக்கும் தள்ளினால் போதும். இப்போது வீட்டுக்குள்ளேயே வரவில்லை என்கிறீர்கள்" என்று சற்று வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பழைய ஒப்புமை முறை (அனலாக்) ஒளிபரப்பில் ஆறாம் சேனலின் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் சென்றது; எஃப்.எம். பட்டை 88இல் தொடங்குவதால், பெரும்பாலான கார் ரேடியோக்களில் அது கேட்டது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழு ஆற்றல் நிலையங்களில் அதுவரை எஞ்சியிருந்தவை ஒப்புமை முறையை நிறுத்தியபோது அந்த ஒலியும் நின்றது.

அந்த நாளில் வேறொன்றும் நடந்தது. தொலைக்காட்சித் திரையில் தோன்றும் சேனல் எண்ணும், நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் அதிர்வெண் இடத்தின் எண்ணும் இன்று பெரும்பாலும் ஒன்றல்ல. பார்வையாளர்கள் பழகிய எண்ணைத் திரையில் காட்டுவதற்கு ஒளிபரப்புடன் ஒரு தகவல் அனுப்பப்படுகிறது, அவ்வளவே. மூன்றாம், பத்தாம், இருபத்தொன்பதாம் சேனல்கள் இப்போது உண்மையில் யூ.எச்.எஃப். பட்டையில், அதாவது 470 முதல் 608 மெகாஹெர்ட்ஸுக்குள், ஒளிபரப்பாகின்றன. பன்னிரண்டு, மேல் வி.எச்.எஃப். பட்டையில் 174க்கும் 216க்கும் இடையில் இருக்கிறது. ஆனால் ஆறாம் சேனல், மாற்றக் காலத்தில் 64ஆம் இடத்தில் இலக்கமுறையில் ஒளிபரப்பிவிட்டு, 2009 ஜூனில் தன் பழைய ஆறாம் இடத்துக்கே, அதாவது 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ் வி.எச்.எஃப். இடத்துக்கே, திரும்பி வந்துவிட்டது. அப்போது பலருக்கு அது கிடைக்காமல் போய், பின்னர் நிலையம் ஒளிபரப்பு ஆற்றலை உயர்த்த அனுமதி பெற்றது.

இதன் பொருளை அளவுகோலோடு பார்க்கலாம். 85 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். அதைச் செம்மையாகப் பிடிக்க அலைநீளத்தின் பாதி, அதாவது ஏறக்குறைய ஆறு அடி நீளமுள்ள கம்பி வேண்டும். 550 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு அடி போதும். கணவர் சுவரில் ஒட்டியிருந்த தாளின் அகலம் அந்த ஒரு அடிதான். யூ.எச்.எஃப். சேனல்கள் அனைத்தும் துலக்கமாக வந்ததும், பன்னிரண்டு திக்கியதும், ஆறு அறவே வராததும் அந்த ஓர் அளவிலேயே அடங்கியிருந்தன. பழைய ஒப்புமை முறையாக இருந்திருந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரிந்திருக்கும். இலக்கமுறையில் ஓர் எல்லை வரை படம் முழுமையாக வரும், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே வராது. ஆகவே சிக்னல் இருக்கிறது, ஆனால் போதவில்லை என்ற உண்மை பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை.

சோதனை

எதையும் புதிதாக வாங்கும் முன் இந்தக் கணிப்பைச் சோதித்துவிட விரும்பினேன். என் வீட்டில் பழைய முயல்காது ஆண்டெனா ஒன்று இருந்தது. இரண்டு கம்பிகளையும் முழுக்க நீட்டினால் ஒவ்வொன்றும் மூன்றடிக்குச் சற்றுக் கூடுதல். மாடி அறையின் கிழக்கு ஜன்னலருகே அதை வைத்து, கம்பிகளை இரு பக்கமும் படுக்கைவாட்டில் விரித்து, தொலைக்காட்சியைச் சேனல் தேடவிட்டோம். பட்டியலில் ஆறு வந்தது. அம்மையார் ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பிகளை ஐந்து அங்குலம் உள்ளே தள்ளியதும் படம் உடைந்தது; மீண்டும் நீட்டியதும் சீரானது.

இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. குறை எங்கே என்பதை ஐயமின்றிக் காட்டியதும் இதுதான்.

பரணா, கூரையா

முயல்காதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அறையில் யாராவது நடந்தால் படம் திக்கியது. கீழே கூடத்தில் அது போதவும் இல்லை. இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் ஒரே ஆண்டெனாவிலிருந்து கொடுப்பதென்று முடிவு செய்து, கீழ் வி.எச்.எஃப். கம்பிகளும் உள்ள முழு நீள ஆண்டெனாவை எங்கே வைப்பது என்று யோசித்தோம்.

சிக்னலைப் பொறுத்தவரை கூரையே சிறந்த இடம். குடியிருப்போர் சங்கத்தின் விதிப்புத்தகமோ, ஆண்டெனா வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை ஒட்டி ஆணையம் இயற்றிய விதி, உள்ளூர் ஒளிபரப்பைப் பெறும் ஆண்டெனாக்களை இத்தகைய சங்கங்கள் தடுப்பதை மறுக்கிறது என்று பலர் அறிவார்கள். ஆனால் அந்த விதி, ஒருவர் தமக்கே உரிய பயன்பாட்டில் வைத்திருக்கும் இடத்துக்கு மட்டுமே காப்பளிக்கிறது. வரிசை வீடுகள் பலவற்றில் கூரை என்பது சங்கத்தின் பொதுச் சொத்து, இங்கும் அப்படித்தான். கூரைக்காக வாதாடினால் தோற்றிருப்போம். அதோடு, வெளியே வைத்தால் இடி, மின்னலுக்காக ஆண்டெனாவின் தூணையும் வயரையும் வீட்டின் மின் நில இணைப்போடு முறைப்படி சேர்க்க வேண்டும். ஏணி ஏற வேண்டும். எழுபது வயதைக் கடந்த தம்பதிக்கு அது தேவையற்ற பாரம்.

எனவே கூரைக்கு அடியில் உள்ள பரணைத் தேர்ந்தோம். கை விளக்கோடு ஏறி முதலில் பார்த்தது காப்புப் பஞ்சின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான். இருந்திருந்தால் அந்த இடம் உதவாது. மரப்பலகையும் அதன் மேல் தார் ஓடுகளும் மட்டுமே இருந்தன. சிக்னலில் ஓரளவு குறையும், ஆனால் 20 மைல் தொலைவில் அந்த இழப்பைத் தாங்கலாம் என்று கணக்கிட்டோம்.

ஆண்டெனா மடித்த நிலையில் நீண்ட அட்டைப் பெட்டியில் வந்தது. பரண் வாசல் குறுகலானது என்பதால் மடித்தபடியே உள்ளே ஏற்றி, குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் திருப்பினேன். ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் 'டக்' என்று விழுந்து நின்றது. முழுதும் விரிந்தபோது, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்ற அந்த மீன்முள் உருவமேதான். தென் கரையோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க நீளக் கம்பிகளை உயரமான தூணில் கட்டித் திருப்பிக்கொண்டிருந்தவர்கள், அலையின் நீளத்துக்கும் கம்பியின் நீளத்துக்கும் உள்ள உறவைக் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

நைலான் கயிற்றால் உத்தரங்களிலிருந்து அதைத் தொங்கவிட்டு, காற்றுக் குழாய்களிலிருந்தும் மின் வயர்களிலிருந்தும் இயன்றவரை விலக்கி, கிழக்கு நோக்கித் திருப்பினோம். அந்த வட்டாரத்தில் திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை மேற்கே விலகி நிற்பதால், நேர் கிழக்குக்குத் திசைகாட்டியில் 100 பாகையை ஒட்டி வைக்க வேண்டியிருந்தது. சிறிய தொலைக்காட்சி ஒன்றைப் பரணுக்கே எடுத்துச் சென்று குட்டையான வயரில் இணைத்துப் பார்த்தபோது ஆறும் பன்னிரண்டும் உட்பட எல்லாம் சீராக வந்தன.

நிலவறையில் செய்த மாற்றம் சிறியது. முதல் வாரத்தின் பிழை மீண்டும் நிகழாமல் காத்தது அதுதான். நிறுவனத்தின் கேபிளை ஸ்ப்ளிட்டரிலிருந்து கழற்றி நேரே மோடத்தின் கேபிளோடு மட்டும் இணைத்தோம். நான்கு வாய்களுள்ள பழைய ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு, ஆண்டெனாவுக்கென்று இரண்டு வாயுள்ள புதிய ஒன்றைப் போட்டோம். நான்கு வாய் ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வாய்க்கும் 7 டெசிபல் அளவு குறையும். இரண்டு வாய் என்றால் மூன்றரை. பயன்படாத வாய்களுக்குச் சிக்னலைப் பங்கிட்டு வீணாக்குவதில் பொருளில்லை.

பூஸ்டர் தந்த தொல்லை

இந்தக் கட்டத்தில் நேர்ந்த பிழை என்னுடையது. பரணின் இழப்பு, 25 மீட்டர் வயர், ஸ்ப்ளிட்டர் எல்லாம் சேர்ந்தால் சிக்னல் போதாமல் போகலாம் என்று எண்ணி, அளந்து பார்க்காமலேயே ஆண்டெனாவின் அடியில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றைப் பொருத்தினேன். கீழே வந்து பார்த்தால் யூ.எச்.எஃப். சேனல்களின் சிக்னல் அளவு உச்சியில் நின்றது. பன்னிரண்டும் நன்றாக இருந்தது. ஆறு மீண்டும் மறைந்துவிட்டது. சற்று முன் பரணில் கண்ணெதிரே வந்த சேனல் அது.

வயர் முனைகளைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் கழித்தபின், பூஸ்டரின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தேன். உள்ளே, விரல் நகத்தால் மட்டுமே நகர்த்தக்கூடிய ஒரு சிறு விசை இருந்தது, எஃப்.எம். வடிகட்டியை இயக்குவதும் நிறுத்துவதும் அதன் வேலை. தொழிற்சாலையிலிருந்து அது இயங்கும் நிலையிலேயே வந்திருந்தது. அருகிலுள்ள வலுவான எஃப்.எம். நிலையங்கள் பூஸ்டரைத் திணறடிக்காமல் இருக்க 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை வெட்டுவதற்கான வடிகட்டி அது; ஆனால் எந்த வடிகட்டியும் கத்தியால் வெட்டியதுபோல் 88இல் நின்றுவிடுவதில்லை. அதன் சரிவு கீழே இறங்கி, 82 முதல் 88 வரை உள்ள ஆறாம் சேனலின் மேல் பகுதியை அரித்துவிடுகிறது. விசையை நகர்த்தியதும் ஆறு திரும்பி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வடிகட்டியை நிறுத்திவிட்டால் எஃப்.எம். நிலையங்கள் பூஸ்டரைத் தாக்கும் ஆபத்து அப்படியே இருக்கிறது. ராக்ஸ்பரோ கோபுரங்களில் அத்தகைய நிலையங்கள் பல உள்ளன. அப்போதுதான், தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். பூஸ்டரை முற்றாக நீக்கிவிட்டு இரண்டு தொலைக்காட்சிகளிலும் பார்த்தோம். எல்லாச் சேனல்களும் வந்தன. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மாலைச் செய்தி நேரத்துத் தடங்கல்

நவம்பர் நடுவில் வேலை முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு வாரத்துக்குள் அம்மையார் மீண்டும் அழைத்தார்: ஆறாம் சேனல் பகலெல்லாம் நன்றாக இருக்கிறது, மாலைச் செய்தி நேரத்தில் மட்டும் உடைகிறது. வானிலையால் இருக்கலாம், நிலையத்தில் ஏதோ கோளாறாக இருக்கலாம் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் தம் நூலகப் பழக்கப்படி ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினார். தேதி, உடைந்த நேரம், நின்ற நேரம், வெளியே மழையா வெயிலா, வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஐந்து கட்டங்கள். பத்து நாள் குறிப்புகளைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அவர் சமைத்த நாட்களில் படம் உடைந்தது, வெளியிலிருந்து உணவு வாங்கிய இரண்டு நாட்களில் உடையவில்லை.

பேட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ ஒன்றை ஏ.எம். பட்டையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நடந்தேன். அலமாரிகளுக்கு அடியில் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டை விளக்குகளின் அடாப்டரை நெருங்க நெருங்க, ரேடியோவின் மெல்லிய இரைச்சல் தேனீக்கூடு போன்ற ரீங்காரமாக மாறியது. விளக்கை அணைத்ததும் ரீங்காரம் அடங்கியது. கூடத்திலிருந்து கணவர், படம் சரியாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். மலிவான அடாப்டர்கள் தரும் மின் இரைச்சல் பரந்த அதிர்வெண்களில் பரவக்கூடியது, யூ.எச்.எஃப்.ஐ அதிகம் தொடாமல் கீழ் வி.எச்.எஃப்.ஐத்தான் வாட்டுகிறது. அடாப்டரைத் தரமான ஒன்றாக மாற்றி, அதன் வயரில் மின் இரைச்சலை அடக்கும் இரண்டு ஃபெரைட் வளையங்களையும் மாட்டினோம். அதன்பின் நோட்டில் மாலை நேரக் குறிப்புகள் நின்றுவிட்டன.

அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஆண்டெனாவைத் திருப்பியும் உயர்த்தியும் இன்னும் ஒரு மாதத்தை வீணாக்கியிருப்போம் என்றே நினைக்கிறேன்.

பத்து மாதங்களுக்குப் பின்

ஆண்டெனா, வயர், ஸ்ப்ளிட்டர், அடாப்டர் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 160 டாலருக்குள் அடங்கியது. மாதக் கட்டணம் 221இலிருந்து 75ஆகக் குறைந்ததால் முதலீடு இரண்டாம் மாதத்துக்குள்ளேயே திரும்பிவிட்டது. பணத்தைவிட, நகரத்தின் செய்தி யாருடைய சந்தாவையும் நம்பாமல் அவர்களுடைய வீட்டுக்கு வருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வானலை பொதுச் சொத்து. அதைப் பயன்படுத்த உரிமம் பெற்ற நிலையத்தின் ஒளிபரப்பு முதியவர் ஒருவருக்கு எட்டாமல் போவதும் எட்டுவதும் ஆறடிக் கம்பியைப் பொறுத்திருக்கிறது என்றால், அந்தச் செய்தி பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இழந்தவையும் உண்டு. பேஸ்பால் ஆட்டங்கள் பெரும்பாலும் கட்டண விளையாட்டுச் சேனலில் மட்டுமே வருவதால், கணவர் 2023 கோடை முழுவதும் அவற்றை வானொலியில் கேட்டார். அதில் அவருக்குக் குறை இருந்ததை மறைக்க விரும்பவில்லை. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பிறகு பார்க்கும் வசதியும் போயிற்று; அதற்கான பெட்டி தனியே கிடைக்கிறது என்றாலும் அவர்கள் வாங்கவில்லை.

ஒரு குறை இன்றும் தீரவில்லை. ஜூலையில் இடிமழை வந்தபோது ஒவ்வொரு மின்னலுக்கும் ஆறாம் சேனல் ஒரு நொடி உடைந்தது. மின்னலின் வானொலி இரைச்சல் கீழ் வி.எச்.எஃப்.இல் வலுவானது; அதை எந்த ஆண்டெனாவாலும் முற்றாகத் தவிர்க்க இயலாது. வானிலை அறிக்கை மிகவும் தேவைப்படும் வேளையில்தான் இது நேர்கிறது என்பதால், 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் அரசு வானிலை வானொலிக்கான சிறு பெட்டி ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னேன். சமையலறையில் அது இருக்கிறது.

மறுபடி செய்வதானால்

கேபிளை நிறுத்துவதற்கு முன்பே ஆண்டெனாவைச் சோதித்திருக்க வேண்டும். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் அந்த அம்மையார் ஆறு வாரம் தம் செய்தியை இழந்திருக்க மாட்டார், அவசரத்தில் கேபிளுக்கே திரும்பிவிடும் நெருக்கடியும் வந்திருக்காது. ஆணையத்தின் வரைபடத்தில் நிலையத்தின் பெயரை அழுத்தினால் அதன் உண்மையான ஒளிபரப்பு எண் தெரியும். அதைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போயிருக்க வேண்டும். 7 முதல் 13க்குள் ஓர் எண் இருந்தால் ஆண்டெனா மேல் வி.எச்.எஃப்.ஐயும் பிடிக்க வேண்டும். 2 முதல் 6க்குள் இருந்தால் நீளக் கம்பி இல்லாத எதையும் வாங்கக் கூடாது. எல்லாமே 14 முதல் 36க்குள் இருக்கும் ஊரில் அந்தத் தட்டைத் தாளே போதுமானதாக இருந்திருக்கும்.

என்னளவில், பூஸ்டரை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு காரணம் தேடியதை மாற்றிக்கொண்டேன். அண்மையில் இதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு உதவியபோது, பூஸ்டர் இல்லாமல் ஒவ்வொரு சேனலின் சிக்னல் அளவையும் குறித்துக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் தொட்டேன். வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளையும் மின் அடாப்டர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதையும் முதல் நாளே செய்தேன்.

பரணை மூடுவதற்கு முன், ஆண்டெனா தொங்கும் உத்தரத்தில் அம்மையார் தம் கையெழுத்தில் ஓர் அட்டையை ஒட்டினார். திசைகாட்டியில் 100 பாகை, ஆறாம் சேனல் உண்மையிலும் ஆறு, பூஸ்டர் தேவையில்லை, மோடத்தின் கேபிளோடு இதைச் சேர்க்கக் கூடாது என்ற நான்கு வரிகள் அதில் இருக்கின்றன. கீழே 2022 நவம்பர் என்று தேதியும் இருக்கிறது.